ஆரணி மண்ணில் அடக்கம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இயற்கை அடக்கம் என்ற பேச்சு இப்போது பத்திரிகைகளில் புதிதாக வருகிறது. நம் பக்கத்தில் அது புதிதில்லை. பச்சை மூங்கிலில் தென்னங்கீற்று முடைந்த பாடை, ஒரு கோடித் துணி, கையால் வெட்டிய குழி, மேலே மண்மேடு, பால் தெளியன்று தூவும் நவதானியம். இரண்டு தலைமுறைக்கு முன்புவரை மண்ணுக்குள் போனது இவ்வளவுதான். வீரசைவர்கள் உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்தார்கள். முஸ்லிம்கள் பெட்டியில்லாமல் வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கினார்கள், இன்றும் அப்படியே செய்கிறார்கள். பெரியவர்களை எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளிலும் பச்சைக் குழந்தை இறந்தால் புதைக்கத்தான் செய்தார்கள்.

இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 1993இல் மரங்களுக்கிடையே அடக்கம் செய்யத் தனி இடம் ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1998இல் ராம்சே கிரீக் என்ற காட்டு இடுகாடு தொடங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் அடிப்படை விதி ஏறக்குறைய ஒன்றுதான்: உடலுக்கு மருந்து ஏற்றக் கூடாது, மக்காத எதையும் உள்ளே வைக்கக் கூடாது, மேலே கான்கிரீட் போடக் கூடாது. நம் பாட்டன் பூட்டன் இதை விதியாக எழுதி வைக்கவில்லை. மீறுவதற்கு அவர்கள் கையில் பிளாஸ்டிக்கும் சிமெண்டும் இருக்கவில்லை, அவ்வளவுதான். நம்மிடம் இருக்கிறது. கீழே இருப்பவை புதிதாகச் சேர்ந்ததை எடுத்துவிடுவதற்கான குறிப்புகள். புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்காக எழுதியவை. எரிப்பது வேறு பேச்சு.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

எழுதி வையுங்கள். சாவு வீட்டில் முடிவு எடுப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் ஒன்று சொல்வார், சம்பந்தி ஒன்று சொல்வார், தெருப் பெரியவர் ‘நம்ம வழக்கம் இதுதாம்ப்பா’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகள் எதற்கும் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் ‘பாலியஸ்டர் வேண்டாம் மாமா’ என்று சொல்லி ஜெயிக்க யாராலும் முடியாது. அரைத் தாள் போதும்: புதைக்கவா எரிக்கவா, என்ன துணி, பெட்டி வேண்டுமா, மேலே கட்டடம் வேண்டுமா. எழுதியதைப் பீரோவில் பூட்டாதீர்கள். அன்றைக்கு உண்மையில் ஓடியாடி வேலை பார்க்கப்போவது மருமகனோ தங்கை மகனோ, அவர் கையில் கொடுங்கள். சாதாரண நாளில், சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒருமுறை வாய்விட்டும் சொல்லுங்கள்.

இடத்தை விசாரித்து வையுங்கள். சொந்த நிலத்தில், மாமரத்தடியில் படுத்துக்கொள்ள வேண்டும் என்று பலருக்கு ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அன்று காலையில் முடிவு செய்யும் காரியம் அல்ல. ஊராட்சிப் பகுதிகளுக்கு 1999இல் வந்த இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் அனுமதி பெறாத இடத்தில் புதைக்கக் கூடாது. ஆரணி நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் நகராட்சியிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் புதைத்துவிட்டுப் பிறகு பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டு, அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இதற்கு ஆரணிக்காரர்கள் பொறியாளரைத் தேட வேண்டியதில்லை. குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர்களுக்கு, ஐப்பசி கார்த்திகையில் எந்தத் தெருவில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், எந்தத் தெருவில் ஊறாது என்பது மனப்பாடம். மழை நாளில் குழிக்குள் கால் வைக்க முடியாமல் தறி நின்றுபோன தெருவுக்கு அடியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது என்று பொருள். இடுகாட்டு நிலத்தையும் அந்தக் கண்ணால் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட அறிக்கை, குழியின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 1 மீட்டர் மண் இருக்க வேண்டும், குடிநீர்க் கிணறு 250 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்கிறது. நம் விதியில் உள்ள 90 மீட்டரை விட இது மிக அதிகம். முடிந்தவரை இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் ஆறு. கமண்டல நதியும் நாகநதியும் சேர்ந்து வருவதுதான் நம் கமண்டல நாகநதி. வறண்டுபோன நாகநதியில் நீர் ஊறுவதற்காக வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, நீர் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்புகளும் கட்டினார்கள். 2021இல் பிரதமரின் வானொலி உரையில்கூட அது பேசப்பட்டது. அப்படிப் பாடுபட்டு நிலத்துக்குள் இறக்கிய தண்ணீரில், ஆற்றங்கரையில் கண்ட இடத்தில் குழி வெட்டி நாம் கை வைக்கக் கூடாது. நம் பக்கத்து இடுகாடுகள் பலவும் ஆற்றங்கரை, ஏரிக்கரை ஒட்டியே இருப்பதால், இருக்கிற இடத்துக்குள்ளேயே மேடான பகுதியைத் தேர்ந்தெடுப்பதாவது நம் கையில் இருக்கிறது.

துணி: நெசவாளி ஊரில் இதுதான் முதல் கேள்வி

பட்டுப் புடவையோடு புதைக்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு நெய்த அம்மா, கடைசியிலாவது நல்ல பட்டு கட்டிக்கொண்டு போகட்டும் என்று பிள்ளைகள் நினைப்பதை யார் குறை சொல்ல முடியும்? பிறந்த வீட்டுக் கோடியும் பட்டாக வந்தால்தான் மரியாதை என்றும் ஆகிவிட்டது. சுமங்கலியாகப் போனவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தூய பட்டால் மண்ணுக்குப் பெரிய கேடில்லை. புழு கொடுத்த புரதம் அது. தாமதமானாலும் மண் அதைத் தின்றுவிடும். சிக்கல் ஜரிகையில் இருக்கிறது. அசல் ஜரிகை என்றால் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசியது. விலை குறைந்ததில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். அதற்கும் கீழே போனால் பாலியஸ்டர் இழையும் பளபளக்கும் பிளாஸ்டிக் படலமும்தான். வெள்ளியும் செம்பும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு ஆகாத உலோகங்கள். உடலை மண்ணாக்க வேண்டிய வேலை அந்த நுண்ணுயிர்களுடையது. பிளாஸ்டிக்கோ மக்கவே மக்காது. குழி வெட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய குழியைத் திறக்கும்போது எலும்பு மண்ணோடு கலந்திருக்கும், பாலியஸ்டர் சேலை மட்டும் பூப்போட்ட டிசைனோடு அப்படியே மண்வெட்டியில் சிக்கி வரும் என்பார்கள்.

அதனால் வீட்டிலிருந்து இடுகாடு வரைக்கும் பட்டு போர்த்திக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் அம்மாவைப் பட்டில் பார்க்கட்டும். குழி ஓரத்தில் அதை எடுத்துவிட்டுப் பருத்தியில் இறக்குங்கள். எடுத்த புடவையைத் துவைத்து மகளோ பேத்தியோ வைத்துக்கொள்ளலாம். ‘பிணத்துமேல் போட்டதை எப்படிக் கட்டுவது’ என்று தயங்கும் வீடுகளில், பழைய பட்டு வாங்குபவரிடம் கொடுத்தால் ஜரிகையிலுள்ள வெள்ளியாவது வீணாகாது. பட்டு கூடவே போக வேண்டும் என்று மனசு கேட்டால், சாயம் ஏற்றாத வெள்ளைப் பட்டு நூல் கொஞ்சம் கையில் வைத்து அனுப்புங்கள். ஒரு நெசவாளிக்கு அதைவிடப் பொருத்தமானது எது?

உள்ளே போகும் துணிக்குக் காடாவை எடுங்கள். வெளுக்காத, சாயம் போடாத கைத்தறிப் பருத்திக் காடா நம் ஊரில் கிடைக்காத பொருளா? கடைக்காரர் பருத்தி என்று சொன்னாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு என்றால் மயிர் கருகுகிற வாசனை வரும், விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிடும். தறி வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சோதனை இது. சாவு வீட்டுக்கு வரும் கோடித் துணிக்கு மட்டும் நாம் இதைச் செய்வதில்லை. உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவரும் மலிவு நைலக்ஸ் துணிகளை மரியாதைக்காகப் போர்த்தலாம். குழிக்குள் போகவிடாதீர்கள்.

முஸ்லிம் பெரியவர்கள் இதில் நமக்கு முன்மாதிரி. பட்டு நெய்யும் ஊராக இருந்தாலும் ஆண்கள் பட்டு உடுத்துவது அவர்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. கஃபன் என்ற அடக்க உடைக்கு எளிய வெள்ளைத் துணி, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. பணக்காரருக்கும் ஏழைக்கும் அதே துணி, அதே குழி. உடலுக்கு மேலே பலகை அடுக்கி மண் தள்ளுவார்கள். தலைமாட்டில் ஒரு மீசான் கல், அவ்வளவுதான்.

வீட்டில் செய்யக்கூடாதவை

ஊசி போட்டுப் பதப்படுத்தாதீர்கள். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்றால் ஐஸ் பெட்டி இருக்கிறது. பார்மலின் ஏற்றுவது உடலை விமானத்தில் அனுப்பும்போது தேவைப்படும் விஷயம். உள்ளூர் அடக்கத்துக்கு அது வேண்டியதில்லை. கிருமியைக் கொல்வதற்காக ஏற்றுகிற மருந்து மண்ணுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும்.

மாலையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வாழை நாரில் கட்டிய சம்பங்கியும் சாமந்தியும் போதும். ஜிகினாத் தாள், நைலான் நூல், தெர்மாகோல் உருண்டை கோர்த்த மாலைகளைக் குழிக்குப் போகும் முன் கழற்றி வையுங்கள். சங்கத்திலிருந்து மலர்வளையம் வைக்கிறார்கள் என்றால் வைக்கோல் சுருளிலோ வாழை மட்டையிலோ கட்டித் தரச் சொல்லலாம். பூக்காரர்கள் கேட்டால் செய்து தருவார்கள்.

நெற்றிக் காசு, நகை, மூக்குக் கண்ணாடி, செயற்கைப் பல் செட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவராக இருந்தால் மருத்துவமனையிலேயே சொல்லி அதை எடுக்கச் செய்யுங்கள். உள்ளே பேட்டரி இருக்கிறது.

பட்டாசு வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டி

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பெட்டி இல்லாமல் அடக்கமா என்று தோன்றலாம். கேரளத்தில் ஆலப்புழைக் கடற்கரையை ஒட்டிய ஆர்த்துங்கலில் உள்ள தேவாலயம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் பெட்டியை நிறுத்திவிட்டுத் துணியில் சுற்றி அடக்கம் செய்யும் முறைக்கு வந்தது. அந்த உப்பு மண்ணில் பெட்டிகள் மக்காமல் கிடந்து, மறுபடி குழி வெட்ட இடமில்லாமல் போனதுதான் காரணம். மும்பைக்கு வடக்கே வசாய் பக்கத்துப் பங்குகளிலும் இந்த வழக்கம் வந்திருக்கிறது. யேசுவையே துணியில் சுற்றித்தானே கல்லறையில் வைத்தார்கள்?

பெட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் வார்னிஷ் அடிக்காத, நாட்டு மரப் பலகையில் செய்த பெட்டி கேளுங்கள். பிளைவுட்டும் மேலே ஒட்டிய மைக்காவும் உள்ளே தைத்த சாட்டின் மெத்தையும் பிளாஸ்டிக் கைப்பிடியும் வேண்டாம். செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காக இதைச் சொல்லவில்லை. மண் தன் வேலையைச் செய்ய வழிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாய் இன்னொரு வழி. வந்தவாசிக் கோரைப் பாய் நம் மாவட்டத்துப் பொருள், நன்றாக மக்கும். பாவு நூல் நைலானாக இல்லாமல் பருத்தியா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ‘அநாதைப் பிணம் மாதிரி பாயில் சுருட்டவா’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வலியைத் தள்ளிவிடாதீர்கள். பாயைக் குழியின் அடியில் விரித்து அதன்மேல் துணி சுற்றிய உடலைக் கிடத்தலாம். படுக்க வைத்தோம், சுருட்டவில்லை என்று அவர்கள் மனம் ஆறும்.

குழியருகே

ஆறடி தோண்டாதீர்கள். ஆழமாகப் போகப் போக மண்ணில் காற்றும் நுண்ணுயிரும் குறையும், உடல் மக்குவது தாமதமாகும், தண்ணீரும் கிட்டே வந்துவிடும். வெளிநாட்டு இயற்கை இடுகாடுகளில் மூன்றரை, நான்கு அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடலுக்கு மேல் இரண்டடிக்குக் குறையாமல் மண் விழுந்து, அதற்கு மேல் மேடும் கட்டினால் நாய் நரி கிளறுமோ என்ற பயம் வேண்டாம். களிமண்ணா, மணல் கலந்ததா, பக்கத்தில் எப்போது புதைத்தார்கள் என்பது குழி வெட்டுகிறவருக்குத்தான் தெரியும். அவரைப் பேர் சொல்லி அதட்டி வேலை வாங்காமல், உட்கார வைத்துக் கேளுங்கள்.

உப்பு கொட்டாதீர்கள். மூட்டை மூட்டையாக உப்பும் சுண்ணாம்பும் போட்டால் உடல் சீக்கிரம் கரையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது நேர் எதிர். இரண்டும் அழுகுவதைத் தடுக்கும், பிறகு அந்த இடத்தில் புல்கூட எளிதில் முளைக்காது. திருவண்ணாமலையில் 1950இல் ரமண மகரிஷியைச் சமாதியில் வைத்தபோது கற்பூரமும் உப்பும் விபூதியும் போட்டுக் குழியை நிரப்பினார்கள். ஞானியின் உடல் சிதையாமல் இருக்க வேண்டும் என்பது அந்த மரபின் நோக்கம். நாம் உடல் மண்ணோடு மண்ணாக வேண்டும் என்றுதான் புதைக்கிறோம். சடங்குக்கு ஒரு பிடி விபூதி, ஒரு பிடி உப்பு போதும்.

வாய்க்கரிசிப் பை, பன்னீர் பாட்டில், ஊதுவத்திப் பாக்கெட், மறுநாள் பால் பாக்கெட் உறை: இவற்றைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்குப் பையோடு ஒரு பையனை அனுப்புங்கள்.

மேட்டின் மேல்

சிமெண்ட் பூசாதீர்கள். ஏழடி நீளம் மூன்றடி அகலத்துக்கு டைல்ஸ் ஒட்டிச் சமாதி கட்டினால் அந்த இடம் நிரந்தரமாக அடைபட்டுப் போகிறது. பேரன் காலத்தில் ஊர் இடுகாட்டில் இடமில்லை என்ற சண்டை அங்கிருந்துதான் தொடங்கும். மழைநீரும் உள்ளே இறங்காது. அடையாளம் வேண்டும் என்றால் ஒரு கல் நடுங்கள். இறந்தவருக்குக் கல் நடுவதில் நம் மாவட்டத்தை மிஞ்ச யாருண்டு? செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் தொட்டு நட்ட நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை, மண்ணில் ஊன்றிய ஒற்றைக் கல். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பேர் நிற்கிறது.

நவதானியத்தைத் தாராளமாகத் தூவுங்கள். வெறும் சடங்கு என்று நினைத்து இப்போது ஒரு கைப்பிடியோடு முடித்துவிடுகிறார்கள். பயறும் கொள்ளும் எள்ளும் முளைத்து வேர் பிடித்தால் முதல் மழையில் மேடு கரையாது. மண் ஒரு பருவமழைக்கு உள்வாங்கும். அப்போது மேலும் மண் கொட்டிச் சமன் செய்யுங்கள். மரக்கன்றை அதற்குப் பிறகு, மேட்டின் மேலே இல்லாமல் தலைமாட்டுக்குப் பக்கத்தில் நடுங்கள். புங்கன், வேம்பு, பூவரசு, இலுப்பை. ஆற்றோரம் என்றால் மருதம்.

சீமைக்கருவேலத்தை வளரவிடாதீர்கள். எந்த இடுகாட்டுக்குப் போனாலும் பாதி நிலம் அதன் முள்ளுக்குள்தான் கிடக்கிறது. அதை வேரோடு எடுத்துவிட்டு நாட்டு மரம் வைத்தாலே இடமும் கூடும், நிழலும் கிடைக்கும். கோயில் காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஊர் இன்றும் மதிக்கிறது. இடுகாட்டு மரத்துக்கும் அப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தெருக்கூட்டத்தில் பேசி வைத்துவிட முடியும்.

பாதை

பசுமை இடுகாடு என்ற பெயரில் இன்னொரு வேலி போடாதீர்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலை உறவினர்கள் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்க வேண்டியிருந்தது. நம் ஊரிலிருந்து எட்டாத தூரமில்லை அது. மரம் நட்டு, கல் பலகை வைத்து, நுழைவாயில் கட்டி, அதற்குள் ஒரு சாதி மட்டும் போகலாம் என்றால் அந்த மரத்தால் யாருக்கும் பயனில்லை. ஊர்ப் பணத்தில் எந்த இடுகாட்டைச் சீர்செய்தாலும், எல்லாத் தெருவிலிருந்தும் பாடை தோளில் போகும் அகலத்துக்குப் பாதை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மரமும் மற்றதும் பிறகு.

சங்கமாகச் செய்யக்கூடியது

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகச் செய்வது சிரமம். இறந்த இரவில் காடாத் துணி எங்கே கிடைக்கும் என்று யார் அலைவது? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தெருக் கமிட்டிகளும் ஒரு வேலை செய்யலாம். ஏழெட்டுக் கஜம் காடாவாக வெட்டிய துணிக்கட்டுகள் சில, பருத்திப் பாவு போட்ட கோரைப் பாய்கள், பருத்திக் கயிறு, பாடைக்கு மூங்கில், துணியைப் போர்த்திக் கட்டத் தெரிந்த இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் பெயர். இவற்றை ஒரு இடத்தில் வைத்து, சாவியை எந்நேரமும் கதவு தட்டக்கூடிய வீட்டில் கொடுத்து வையுங்கள். துணிக்குக் காசு உள்ளவர் பிறகு கொடுக்கட்டும், இல்லாதவரிடம் கேட்க வேண்டாம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கட்டோடு வைத்துவிட்டால், சான்றிதழுக்கு அலையும் வேலையும் மிச்சம். கட்டு ஒன்று எடுத்தால் அந்த வாரத்துக்குள் இன்னொன்று நெய்து வைத்துவிடுகிற பொறுப்பை, ஆண்டுக்கு ஒரு தெருவாக மாற்றிக்கொள்ளலாம்.